ஊற்றும் தேக்கமும்: அக்கா மகனின் ஓட்டத்தை அளந்த கதை

காட்பாடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி வரை கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரும் காயிலின் இன்சுலேஷன் பார்க்கும் மெகருமாகத்தான் போகும். எந்த மோட்டார் வந்தாலும் முதலில் அளவு எடுப்பேன், அதன்பிறகுதான் பிரிப்பேன். அளக்காமல் பிரித்துவிட்டு எது கெட்டது என்று தேடுகிறவன் மெக்கானிக் இல்லை என்பார் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்.

அக்காவின் ஊர் கணியம்பாடிப் பக்கம். அருகிலுள்ள கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுவார்கள். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார், இல்லை இருந்து வந்திருப்பார். அந்தக் காற்று அக்கா மகனுக்கும் அடித்துவிட்டது. வயது 19, எடை 58 கிலோ. ராணுவ ஆள்சேர்ப்பில் 1,600 மீட்டரை 5 நிமிடம் 30 நொடிக்குள் ஓடினால் முழு மதிப்பெண். இவனோ நான்கு மாதமாக ஒரு பயிற்சி மையத்துக்குப் போயும் 6 நிமிடத்துக்குக் கீழே ஒரு தடவைகூட வரவில்லை. வாரத்தில் மூன்று நாள் எட்டு 400 மீட்டர், ஒவ்வொன்றும் மூச்சு முட்ட. வாந்தி எடுத்தால் நல்ல பயிற்சி என்று அங்கே கணக்காம். "இன்னும் வேகமா ஓடுடா" என்பதைத் தவிர வேறு வைத்தியம் அவர்களிடம் இல்லை.

மே மாதம் கத்திரி தொடங்கிய வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பையன் திண்ணையில் முகத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். "இன்னா மாமா பண்றது, எனக்கு இவ்ளோதான் போல" என்றான். எது குறைகிறது என்று யாராவது அளந்து பார்த்தார்களா என்று கேட்டேன். நேரம்தான் எடுப்பார்கள் என்றான். அது மோட்டார் தண்ணீர் தள்ளவில்லை என்று சொல்வது மாதிரி. அது தெரிந்துதானே கடைக்கே தூக்கி வருகிறார்கள்? சரி, நாமே அளப்போம் என்று இறங்கினேன். நானும் மூன்று வருடமாகக் காலையில் வள்ளிமலை சாலையில் மெதுவாக ஓடுகிறவன். வயது 44. என்னையும் கூடவே அளந்துகொள்ளலாம் என்று ஒரு ஆசை.

முதல் வேலை தடம். ஊரில் 400 மீட்டர் தடம் கிடையாது. பள்ளிக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் 200 மீட்டர் தடம்தான் அடங்கும். இரண்டு பக்கமும் 40 மீட்டர் நேர்கோடு, இரண்டு முனையிலும் அரைவட்டம். வளைவுக்கு மொத்தம் 120 மீட்டர் வேண்டும். அதற்கு ஓடுகிறவனின் பாதை அரைவட்டத்தின் மையத்திலிருந்து 19.10 மீட்டரில் இருக்க வேண்டும். கோட்டை மிதித்துக்கொண்டு யாரும் ஓடுவதில்லை. அதனால் வெறும் கோடு போட்ட தடத்தில் கோட்டுக்கு 20 சென்டிமீட்டர் வெளியே வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுவார்கள். ஆகவே கோடு 18.90 மீட்டரில் விழ வேண்டும். ஒவ்வொரு வளைவின் நடுவிலும் ஒரு இரும்பு முளை அடித்து, கடையில் கிடந்த நைலான் கயிற்றை அளந்து கட்டி, மறுமுனையைப் பிடித்து நடந்துகொண்டே சுண்ணாம்புத் தூளைத் தூவினோம்.

மறுநாள் காலை ஓடிப் பார்த்தான். எட்டுச் சுற்று, 6 நிமிடம் 12 நொடி. பயிற்சி மையத்தில் 6:05 வந்த பையன் இங்கே ஏழு நொடி அதிகம். கைப்பேசி ஜிபிஎஸ்ஸைப் பார்த்தால் அது 1.71 கிலோமீட்டர் என்றது. சின்ன வட்டத்தில் ஜிபிஎஸ்ஸை நம்பக் கூடாது, வளைவில் புள்ளிகளை இஷ்டத்துக்கு வைத்துவிடும். ஆனாலும் மனதில் ஒரு நெருடல். தெரிந்த மேஸ்திரியிடம் 30 மீட்டர் ஸ்டீல் டேப் வாங்கிவந்து வைத்து அளந்தேன். கோடு 19.50இல் இருந்தது. இழுத்துப் பிடித்ததில் நைலான் 60 சென்டிமீட்டர் நீண்டிருக்கிறது. சுற்றுக்கு 3.8 மீட்டர் கூடுதல்; எட்டுச் சுற்றில் 30 மீட்டர். ஏழு நொடி எங்கே போனது என்று தெரிந்தது. கயிற்றை வீசிவிட்டு ஜிஐ கம்பியால் திரும்பக் கோடு போட்டோம். கம்பி நீளாது. நாள் முழுக்கக் கம்பியோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இது முதலிலேயே தோன்றாமல் போனது வெட்கம்தான். புதுக் கோட்டில் 6:05.

எதை அளப்பது என்பது அடுத்த கேள்வி. உடம்பு ஓடுவதற்குச் சக்தி எடுக்கும் வழியைப் பொதுவாக இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். மூச்சில் வரும் ஆக்சிஜனைக் கொண்டு எரிப்பது ஏரோபிக். ஆக்சிஜன் போதாதபோது தசையில் ஏற்கெனவே இருப்பதை வைத்துச் சமாளிப்பது அனேரோபிக். ஏரோபிக் பக்கத்துக்கு ஆய்வகத்தில் எடுக்கும் அளவு வி.ஓ.2 மேக்ஸ். ஒரு கிலோ எடைக்கு ஒரு நிமிடத்தில் உடம்பு அதிகபட்சம் எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்ற கணக்கு அது. டிரெட்மில்லில் முகமூடி மாட்டி ஓடவிட்டு மூச்சுக்காற்றைப் பகுத்துப் பார்ப்பார்கள். இதற்கு வழிபோட்டவர் ஆங்கிலேயர் ஏ. வி. ஹில். தசை ஆராய்ச்சிக்காக 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர். 1920களில் முதுகில் மூச்சுக்காற்றுப் பையைக் கட்டிக்கொண்டு புல்தரையில் வட்டமாகத் தானே ஓடி அளந்திருக்கிறார். நாங்கள் செய்ததும் அதேதான், பை மட்டும் இல்லை.

பை இல்லாதவர்களுக்கு ஒரு வழி கூப்பர் சோதனை. அமெரிக்க விமானப்படை வீரர்களுக்காக கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்டது. 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் போக முடியுமோ போக வேண்டும். அந்த மீட்டரில் 504.9ஐக் கழித்து 44.73ஆல் வகுத்தால் வி.ஓ.2 மேக்ஸ் தோராயமாக வரும்.

முதல் தடவை சாயங்காலம் ஐந்தரைக்கு வைத்தோம். அது என் முட்டாள்தனம். மே மாத வேலூர் வெயில் ஐந்தரைக்கெல்லாம் இறங்கிவிடாது. பாறை மலைகள் பகலில் குடித்த சூட்டை ராத்திரிவரை கக்கிக்கொண்டிருக்கும். உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கு ஓடினால் காலுக்குப் பங்கு குறையும். பையன் 2,720 மீட்டரில் உட்கார்ந்துவிட்டான். அந்த எண்ணைக் கிழித்துப் போட்டோம். அதற்குப் பிறகு எல்லா அளவும் காலை ஐந்தரைக்குத்தான்.

இரண்டாவது தடவை வேறு விதமாகக் கெட்டது. மையத்துப் பழக்கத்தில் முதல் சுற்றை 36 நொடியில் கிளப்பினான். சின்னவள், அதாவது அவன் தங்கை, சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டையாக வரப்பில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் சுற்று நேரத்தை எழுதினேன். 36, 40, 45, 49, 52 என்று ஏறி, பிறகு 53, 53, 53 என்று நின்றுவிட்டது. கடைசிவரை 53தான். மொத்தம் 2,890 மீட்டர். கெட்டுப்போன சோதனை என்று நோட்டில் கோடு போட்டு அடித்துவிட்டேன். ஆனால் அந்த 53 என் கண்ணிலேயே நின்றது. இதை நான் வேறெங்கோ பார்த்திருக்கிறேன்.

எங்கே என்றால், கிணற்றில். விவசாயிகள் வந்து சொல்வார்கள்: "ஒரு மணி நேரம் நல்லா தள்ளுது, அப்புறம் காத்து இழுக்குது." மோட்டார் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். மோட்டார் நன்றாகத்தான் இருக்கும். கிணற்றில் தேங்கிய தண்ணீர் தீர்ந்து, அதற்குமேல் ஊறுவது மட்டும்தான் வரும். ஊற்று எவ்வளவு, தேக்கம் எவ்வளவு என்று கிணற்றுக்குள் இறங்காமலே சொல்ல ஒரு வழி உண்டு. நிமிடத்துக்கு 500 லிட்டர் இறைக்கும் பெரிய மோட்டார் 40 நிமிடத்தில் காற்று இழுக்கிறது என்று வையுங்கள்: 20,000 லிட்டர். கிணறு நிரம்பிய பிறகு 250 லிட்டர் இறைக்கும் சின்ன மோட்டாரை விட்டால் 120 நிமிடம் ஓடுகிறது: 30,000 லிட்டர். அதிகமாக வந்த 10,000 லிட்டர் எங்கிருந்து வந்தது? அதிகமாக ஓடிய 80 நிமிடத்தில் ஊறியது. ஆக ஊற்று நிமிடத்துக்கு 125 லிட்டர். பெரிய மோட்டார் ஓடிய 40 நிமிடத்தில் ஊறியது 5,000. மீதி 15,000 லிட்டர் தேக்கம்.

ஓட்டத்திலும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பிரான்சில் மோனோ, ஷெரர் என்ற இருவர் 1965இல் தசை வேலைக்கு இதைப் போட்டுக் காட்டினார்கள். பின்னால் ஓட்டத்துக்கும் வந்தது. ஊற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் கிரிட்டிக்கல் ஸ்பீடு. தேக்கத்தை மீட்டரிலேயே சொல்கிறார்கள், ஏனென்றால் ஊற்று வேகத்துக்கு மேலே எத்தனை மீட்டர் கடன் வாங்கலாம் என்பதுதான் அது. ஒரு குறுகிய முழுமூச்சு ஓட்டம், ஒரு நீண்ட முழுமூச்சு ஓட்டம், இரண்டு போதும். ஊற்றை முழுக்க ஏரோபிக் என்றும் தேக்கத்தை முழுக்க அனேரோபிக் என்றும் சொல்லிவிட முடியாது, ஓரத்தில் இரண்டும் கலக்கும். எங்கள் வேலைக்கு அது தடையில்லை.

இரண்டு நாள் இடைவெளி விட்டு இரண்டையும் ஓடினான். 800 மீட்டர் 2 நிமிடம் 31 நொடி. 12 நிமிட ஓட்டத்தில், இந்த முறை முதல் சுற்றை 47க்குக் குறையாமல் போகச் சொல்லி நான் கூடவே கத்தியதில், 2,950 மீட்டர். பதினான்கு புளியங்கொட்டை, அதற்குமேல் 150 மீட்டர் (பத்து மீட்டருக்கு ஒரு செங்கல் வைத்திருந்தோம்).

கணக்கு: தூர வித்தியாசம் 2,150 மீட்டர், நேர வித்தியாசம் 569 நொடி. வகுத்தால் நொடிக்கு 3.78 மீட்டர். இது ஊற்று. 151 நொடியில் ஊற்று கொடுத்தது 571 மீட்டர். 800இல் கழித்தால் தேக்கம் 229 மீட்டர். இப்போது நொடிக்கு 3.78 மீட்டரில் 200 மீட்டர் சுற்றுக்கு எத்தனை நொடி என்று போட்டுப் பாருங்கள். 53. நான் கோடு போட்டு அடித்த சோதனை அதே எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. தேக்கத்தை முதலிலேயே இறைத்துவிட்டவன் கடைசியில் ஊற்றில்தான் ஓடியாக வேண்டும். அடித்த கோட்டை ரப்பர் வைத்து அழித்தேன்.

இன்னொரு சரிபார்ப்பு. இந்த இரண்டு எண்ணை வைத்து 1,600 மீட்டருக்கு நேரம் போட்டால் 6 நிமிடம் 3 நொடி வருகிறது. நிஜத்தில் அவன் ஓடியது 6:05. அன்றைக்குக் கடையைத் தாமதமாகத்தான் திறந்தேன்.

அனேரோபிக் பக்கத்தைத் தனியாகவும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஆறு 35 மீட்டர் பாய்ச்சல் வைத்தோம். நடுவில் பத்துப் பத்து நொடிதான் ஓய்வு. இதை ராஸ்ட் என்கிறார்கள். எடையை தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி நேரத்தின் கனத்தால் வகுத்தால் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் வாட் கணக்கில் சக்தி வரும். வாட் என்றதும் எனக்குக் கை அரித்தது. முதலில் மூன்று பேர் மூன்று கைப்பேசியில் நேரம் எடுத்தோம். ஒரே பாய்ச்சலுக்கு 4.9, 5.1, 5.3 என்று மூன்று விடை. நேரத்தைக் கனப்படுத்துவதால் பத்தில் ஒரு நொடி பிசகினாலே 30 வாட்டுக்கு மேல் ஆடும். பிறகு ஒரு கைப்பேசியைப் பக்கவாட்டில் ஸ்டூலில் நிறுத்தி, ஆரம்பக் கோடும் முடிவுக் கோடும் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து, நொடிக்கு 60 படம் என்ற கணக்கில் படம் படமாக நகர்த்தி எண்ணினேன். 5.12, 5.20, 5.38, 5.55, 5.72, 5.80. முதல் பாய்ச்சல் 529 வாட், கடைசிப் பாய்ச்சல் 364. வித்தியாசத்தை மொத்த நேரமான 32.77 நொடியால் வகுத்தால் சோர்வுக் குறியீடு 5. பத்துக்குக் கீழே இருந்தால் நல்லது என்பார்கள். பையனுடைய தேக்கத்தில் குறையில்லை.

நானும் ராஸ்ட் ஓடப் பார்த்தேன். நான்காவது பாய்ச்சலில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அதைப் பற்றி இவ்வளவு போதும். நாற்பது தாண்டியவர்கள் முழுமூச்சு ஓட்டத்தில் இறங்குவதற்கு முன் டிஎம்டி (டிரெட்மில்லில் ஓடவிட்டு இதயத்தைப் பார்க்கும் சோதனை) பார்த்துவிடுங்கள். நான் பார்த்துவிட்டுத்தான் ஓடினேன். கெண்டைக்காலுக்கு டிஎம்டி இல்லை.

கால் சரியான பிறகு என்னுடைய எண்கள்: 800 மீட்டர் 3:40, 12 நிமிடத்தில் 2,380 மீட்டர். ஊற்று நொடிக்கு 3.16 மீட்டர், தேக்கம் 105 மீட்டர். பையனுடையதில் பாதிகூட இல்லை. மூன்று வருடமாக ஒரே வேகத்தில் வள்ளிமலை சாலையில் போய்வந்தால் வேறென்ன வரும்? கூப்பர் கணக்கில் எனக்கு வி.ஓ.2 மேக்ஸ் 42. என் கைக்கடிகாரம் 38 என்று சொல்லிக்கொண்டிருந்தது. கடிகாரம் இதயத் துடிப்பையும் வேகத்தையும் ஒப்பிட்டு ஊகிக்கிறது. துடிப்பே தப்பாக இருந்தால்? பையன் கையில் கட்டி மெதுவாக ஓடவிட்டேன், 176 காட்டியது. கழுத்தில் விரல் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் 140. நிமிடத்துக்கு அவன் வைக்கும் காலடியை எண்ணினேன்: 176. கடிகாரம் துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ணியிருக்கிறது.

எண்களை அக்கா வீட்டுக் காலண்டரின் பின்பக்கம் எழுதிப் பையனிடம் காட்டினேன். அவன் ஓடும் 1,600 மீட்டரில் 229 மீட்டர்தான் தேக்கத்திலிருந்து வருகிறது. மீதி 1,371 மீட்டர் ஊற்று. நான்கு மாதமாக அவன் தொட்டியைப் பெரிசாக்கிக்கொண்டிருந்தான். தேக்கத்தை இன்னும் 30 மீட்டர் கூட்டினால்கூட எட்டு நொடிதான் கிடைக்கும். ஊற்று 3.78இலிருந்து 4.15 ஆனால் 5:30 வந்துவிடும்.

"அப்போ மையத்துல ஓடினதெல்லாம் வேஸ்டா மாமா?"

"வேஸ்ட் இல்லடா மாப்ள. கிணறு தோண்டினது ஆழம், ஊத்து வர பக்கத்துல போர் போடல."

மையத்தை நிறுத்திவிட்டோம். வாரத்தில் நான்கு நாள் மெதுவான ஓட்டம், 40 நிமிடத்தில் தொடங்கி 70 வரை. எவ்வளவு மெதுவாக என்றால், ஓடிக்கொண்டே பதினேழாம் வாய்ப்பாட்டை மூச்சு உடையாமல் சொல்ல வேண்டும். "பதினேழு ஏழு நூத்திப்பத்தொம்பது" வரும்போது நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். முதல் வாரம் அவனுக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. சைக்கிளில் பால் கொண்டுபோகிற பெரியவர் கடந்து போகிறார் என்று புலம்பினான். வாரம் ஒரு நாள் ஐந்து 1,000 மீட்டர், ஒவ்வொன்றும் 4:20க்கு, நடுவில் இரண்டு நிமிடம் நடை. அவன் ஊற்று வேகம் கிலோமீட்டருக்கு 4:25. அதற்கு ஒரு படி மேலே. அவ்வளவுதான். 400 மீட்டர் பக்கமே போகவில்லை.

பன்னிரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் கடைசியில், அதே தடம், அதே நேரம், அதே புளியங்கொட்டை டப்பா. 800 மீட்டர் 2:29. இரண்டே நொடி. பையன் முகம் சுண்டிவிட்டது. இரண்டு நாள் கழித்து 12 நிமிடம்: 3,130 மீட்டர். 180 மீட்டர் அதிகம். ஊற்று 4.08. தேக்கம் 192 ஆகக் குறைந்திருந்தது. கூப்பர் கணக்கில் முன்பு 54.7, இப்போது 58.7. 1,600 மீட்டருக்குக் கணக்கு சொன்னது 5:45. ஓடினான், 5:43.

தேக்கம் குறைந்தது ஏன் என்று அவன் விடவில்லை. ஒன்றைப் பிடித்தால் மற்றது கொஞ்சம் வழுக்கும், மூன்று மாதமாக முழுமூச்சில் ஒரு 400கூட ஓடவில்லையே என்றேன். இன்னும் 13 நொடி வேண்டும். ஊற்றை 4.15க்கு ஏற்றி, போன 37 மீட்டர் தேக்கத்தையும் மீட்டால் 5:30 தொட்டுவிடும். இப்போது வாரம் ஒரு நாள் 400 மீட்டர் திரும்ப வந்திருக்கிறது. எட்டு இல்லை, நான்கு. நடுவில் நான்கு நிமிடம் முழு ஓய்வு. வாந்தி எடுத்தால் அன்றைக்கு அதோடு சரி.

போன வாரம் மழை அடித்துச் சுண்ணாம்புக் கோடெல்லாம் கரைந்துவிட்டது. வளைவுகளின் நடுவில் அடித்த இரண்டு முளைகளையும் தரைமட்டத்துக்கு இறக்கி, மேலே ஒரு ஓட்டுத்துண்டைப் போட்டு வைத்திருக்கிறோம். 18.90 மீட்டர் ஜிஐ கம்பி சுருட்டி, கடையில் மெகருக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. தரை காய்ந்ததும் திரும்பக் கோடு போட வேண்டும். சுண்ணாம்பு ஒரு மூட்டை அவன் செலவு என்று பேச்சு.